புட்ச் ஓஹேர்: நான்கு நிமிடமும், அதன் பிறகான 21 மாதமும்

நெய்தல்காரன்

குடும்ப வாட்ஸப் குழுவில் அந்தக் கதை மறுபடியும் வந்துவிட்டது. சிகாகோ தாதா அல் கபோனின் வக்கீல் ‘ஈஸி எடி’, மகனுக்கு நல்ல பெயர் வேண்டும் என்று திருந்தி, கபோனைக் காட்டிக்கொடுத்து உயிரை விடுகிறார். அடுத்த பத்தியில் ஒரு விமானி தனி ஆளாக ஜப்பானிய விமானங்களை மறித்துக் கப்பலைக் காப்பாற்றுகிறார். கடைசி வரியில் ‘அந்த விமானிதான் ஈஸி எடியின் மகன்!’ கீழே வரிசையாகக் கைகூப்பு பொம்மைகள்.

கதையில் வரும் மனிதர் உண்மையானவர். ஆனால் அந்த ஃபார்வர்டு, சொல்ல வேண்டியதில் பாதியைக்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் இந்த இழை.

எட்வர்ட் ஹென்றி ஓஹேர், எல்லோருக்கும் ‘புட்ச்’. 1914 மார்ச் 13, செயின்ட் லூயிஸில் பிறந்தவர். 1937இல் அனாபொலிஸ் கடற்படை அகாதெமியில் தேறி, நியூ மெக்சிகோ போர்க்கப்பலில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, 1939இல் பென்சகோலாவுக்குப் பறக்கக் கற்றுக்கொள்ளப் போனார். பிறகு ஜான் தாச் தலைமையில் இருந்த விஎஃப்-3 போர் விமானப் பிரிவு (ஸ்குவாட்ரன்). இவர்களுடைய விமானம் தாங்கிக் கப்பல் சரடோகா. 1942 ஜனவரியில் அது ஜப்பானிய நீர்மூழ்கியிடம் டார்பிடோ அடி வாங்கிப் பழுதுபார்க்கப் போனதால், ஸ்குவாட்ரனை லெக்சிங்டன் என்ற இன்னொரு விமானம் தாங்கிக்கு மாற்றினார்கள்.

1942 பிப்ரவரி 20. லெக்சிங்டன், பசிபிக்கில் ஜப்பானியர் கையிலிருந்த ரபாவுல் தளத்தைத் தாக்கப் போய்க்கொண்டிருக்கிறது. இன்னும் சுமார் 450 மைல் இருக்கும்போதே ஜப்பானியரின் வேவு விமானங்கள் பார்த்துவிட்டன. சாயங்காலம் ரபாவுலிலிருந்து 17 இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள், அமெரிக்கர்கள் ‘பெட்டி’ என்று பெயர் வைத்த மிட்சுபிஷி ஜி4எம், இரண்டு கூட்டமாக வந்தன. முதல் 9ஐத் துரத்திக்கொண்டு தாச்சின் ஆட்கள் ஒரு பக்கம் போய்விட்டார்கள். அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கத்தில் 8 விமானங்கள் ரேடாரில் தெரிகின்றன. தூரம் 12 மைல். குறுக்கே நிற்க இருந்தது இரண்டே பேர்: ஓஹேரும், ஜோடியாகப் பறக்கும் அவருடைய துணை விமானி (விங்மேன்) மேரியன் டுஃபில்ஹோவும். டுஃபில்ஹோவின் துப்பாக்கிகள் சிக்கிக்கொண்டன.

ஓஹேர் வலது ஓரத்தில் வந்த விமானத்திலிருந்து ஆரம்பித்தார். எஞ்சினைக் குறிவைத்துச் சுடுவது, கூட்டத்தின் மறுபக்கம் தாண்டுவது, ஏறித் திரும்பி வருவது. தாச் வந்து சேர்ந்தபோது ஒரே நேரத்தில் மூன்று விமானங்கள் எரிந்து விழுந்துகொண்டிருந்தனவாம். நான்கு நிமிடத்தில் 5 விமானங்கள் என்று அவர் பெயரில் எழுதினார்கள். ஏப்ரல் 21, வெள்ளை மாளிகையில் ரூஸ்வெல்ட் முன்னிலையில் மனைவி ரீட்டா அவர் கழுத்தில், அமெரிக்காவின் மிக உயர்ந்த போர்ப் பதக்கமான மெடல் ஆஃப் ஹானரை அணிவித்தார். இரண்டாம் உலகப் போரில் அந்தப் பதக்கம் பெற்ற முதல் கடற்படை விமானி இவர்தான்.

என் கட்சி இதுதான்: பதக்கம் வாங்கித் தந்த அந்த நான்கு நிமிடத்தைவிட, 1943 நவம்பர் வரை அவர் செய்த வேலைதான் பெரியது. அதைப் பற்றிப் பேசுவோம், வாருங்கள்.

திருச்சி பாலா

அருமை. ஆனால் அந்த 5 உண்மையா? போர்க்காலக் கணக்கு என்றாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். ஒரே விமானத்தை மூன்று பேர் சுட்டு, மூன்று பேர் கணக்கிலும் ஏறியது எல்லா நாட்டிலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவுக்கு அப்போது ஒரு ஹீரோ அவசரமாகத் தேவைப்பட்டார். பேர்ல் ஹார்பர் நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பிப்ரவரி 15இல்தான் சிங்கப்பூர் விழுந்தது.

நெய்தல்காரன்

பாலா, நியாயமான கேள்வி. போருக்குப் பிறகு ஜப்பானியப் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள் சொல்வது 3. இன்னும் இரண்டு, இவரிடம் அடிவாங்கியும் உடனே விழவில்லை. அதில் ஒன்று தப்பித்து ஓடும்போது சக விமானி நோயல் கெய்லர் கையில் சிக்கியது. இன்னொன்று ரபாவுலுக்கே திரும்பிவிட்டது.

அந்த மூன்றில் ஒன்று ஜப்பானியக் கூட்டத்தின் தலைவர் டகூசோ இத்தோவின் விமானம். ஓஹேரின் குண்டு பட்டு அதன் இடது எஞ்சின் இறக்கையிலிருந்து கழன்றே விழுந்தது. அப்படியும் அந்த விமானம் லெக்சிங்டன்மேல் மோதப் பார்த்து, தவறிக் கடலில் விழுந்தது.

அன்று வந்த 17இல் 15 திரும்பவில்லை. அமெரிக்கத் தரப்பில் இழப்பு இரண்டு வைல்ட்கேட் போர் விமானமும் ஒரு விமானியும்.

திருச்சி பாலா

அப்படியானால் ‘கப்பலைக் காப்பாற்றினார்’ என்பதும் கொஞ்சம் மிகைதானே? மீதி விமானங்கள் குண்டு போட்டன. ஒன்றும் படவில்லை. முதல் கூட்டத்தின் குண்டும் படவில்லை. உயரத்திலிருந்து போட்ட குண்டு, ஓடித் திரும்புகிற கப்பல்மேல் விழுவது அபூர்வம். ஓஹேர் இல்லாவிட்டாலும் லெக்சிங்டன் தப்பியிருக்கலாம்.

எண்கணக்கு

பாலா சொல்வதில் பாதி சரி. ரபாவுலில் அன்று டார்பிடோ கைவசம் இல்லை. ஆளுக்கு இரண்டு 250 கிலோ குண்டுதான். டார்பிடோவோடு வந்திருந்தால் கதையே வேறு.

மீதிப் பாதிக்கு வருவோம். இந்த விமானங்கள் தனித்தனியாகக் குறிபார்ப்பதில்லை. தலைவன் போடும்போது எல்லோரும் சேர்ந்து போடுவார்கள், கப்பல் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒன்று படட்டும் என்று. எட்டு விமானம் அணி கலையாமல் வந்தால் 16 குண்டு ஒரே பரப்பில் விழும். ஓஹேர் அந்த அணியையே குலைத்துவிட்டார், தலைவனையும் வீழ்த்திவிட்டார். எத்தனை விழுந்தது என்பதைவிட எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

இன்னொரு கணக்கும் பாருங்கள். ஓஹேர் ஓட்டிய எஃப்4எஃப்-3 வைல்ட்கேட்டில் அரை அங்குலத் துப்பாக்கி 4, ஒவ்வொன்றுக்கும் 450 ரவை. மொத்தம் 1,800. விசையை விடாமல் அழுத்தினால் சுமார் 34 வினாடியில் தீர்ந்துவிடும். அவ்வளவுதான் கையிருப்பு. தாச் பிற்பாடு கணக்குப் போட்டு, ஒரு விமானத்துக்குச் சராசரி 60 ரவைதான் செலவாகியிருக்கிறது என்றார். ஐந்தை மூன்றாகக் குறைத்து நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள், அப்போதும் அது அசாத்தியமான சிக்கனம்தான்.

அடுத்து வந்த எஃப்4எஃப்-4இல் துப்பாக்கியை 6 ஆக்கி, ரவையை ஒன்றுக்கு 240 ஆகக் குறைத்துவிட்டார்கள். மொத்தம் 1,440. சுடும் நேரம் கிட்டத்தட்ட பாதி. பசிபிக் விமானிகள் அதைத் திட்டித் தீர்த்தார்கள். குறி தெரிந்தவனுக்கு 4 போதும், தெரியாதவனுக்கு 6 இருந்தும் பயனில்லை என்பது அவர்கள் வாதம்.

மட்டுநகர் தம்பி

அண்ணை, ‘தப்பியிருக்கலாம்’ என்று பாலா எழுதினதுக்கு ஒரு வார்த்தை. இதே வகை விமானங்கள் 1941 டிசம்பர் 10 மலாயாக் கரைக்கு அப்பால் என்ன செய்தன என்று பார்க்க வேணும். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பலையும் ஒரே நாளில் தாழ்த்தின. அங்கே கப்பலுக்கு மேலே காவலுக்கு ஒரு போர் விமானம்கூட இருக்கவில்லை.

எங்கட இலங்கைக் கரையிலும் 1942 ஏப்ரலில் பார்த்தோம். ஈஸ்டர் ஞாயிறு 5ஆம் தேதி கொழும்பு, 9ஆம் தேதி திருகோணமலை. அந்த 9ஆம் தேதிதான் மட்டக்களப்புக்கு வெளியே பிரிட்டிஷ் கப்பல் ஹெர்மிஸ் தாழ்ந்தது. அதுவும் விமானம் தாங்கிக் கப்பல்தான், ஆனால் அன்று அதில் விமானம் இல்லை. இப்போது சுழியோடிகள் போய்ப் பார்க்கிற இடம் அது. ஹெர்மிஸைத் தாழ்த்தின டைவ் பாமர், அதாவது செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடுகிற விமானம் வேறு, மட்டமாகப் பறந்து குண்டு போடுகிறது வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மேலே ஆள் நின்ற கப்பலுக்கும் நிற்காத கப்பலுக்கும் என்ன வித்தியாசம் என்பதற்கு அந்த நாலு மாதம் போதும்.

சிகாகோ ராஜி

அப்பா விஷயத்தை யாரும் தொடவில்லையே? ஃபார்வர்டில் முக்கியமானதே அதுதான்.

நெய்தல்காரன்

தொடுகிறேன் அக்கா. எட்வர்ட் ஜே. ஓஹேர் வக்கீல். நாய்ப் பந்தயத்தில் நாய்களுக்கு முன்னால் ஓடும் இயந்திர முயல் இருக்கிறதே, அதன் காப்புரிமை வைத்திருந்தவரின் வக்கீலாக ஆரம்பித்து, பந்தயத் தொழிலிலேயே பணம் பண்ணியவர். கபோனின் கூட்டத்தோடு சேர்ந்து சிகாகோ பக்கம் பந்தயத் திடல் நடத்தினார். மனைவியோடு 1927இல் மணமுறிவு. 1930 வாக்கில் வருமான வரி இலாகாவின் ஃபிராங்க் வில்சனுக்குத் தகவல் கொடுக்க ஆரம்பித்தார். 1931 வழக்கில் ஜூரிகளை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று துப்புக் கொடுத்தவரும் இவரே. நீதிபதி கடைசி நேரத்தில் ஜூரியையே மாற்றினார். கபோனுக்கு 11 வருடம்.

மகனை அனாபொலிஸில் சேர்க்கும் ஆசைதான் காரணம் என்று சொன்னவர் வில்சன். அதனால் ஃபார்வர்டில் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஆனால் ‘திருந்தினார், உடனே கொன்றுவிட்டார்கள்’ என்பது காலக்கணக்கில் இடிக்கிறது. அந்த அப்பா சுடப்பட்டது 1939 நவம்பர் 8. நடுவில் எட்டு வருடம், அதே பந்தயத் தொழிலில், அதே வட்டாரத்து ஆட்களோடுதான் இருந்தார். ஸ்போர்ட்ஸ்மன்ஸ் பார்க் குதிரைப் பந்தயத் திடலுக்குத் தலைவர் வேறு. அங்கிருந்து காரில் கிளம்பியபோது ஆக்டன் அவென்யூவில் சுட்டார்கள். அடுத்த வாரம் கபோன் விடுதலை. கொன்றது யார் என்று கடைசிவரை நிரூபணம் ஆகவில்லை.

அப்போது மகன் ஃபுளோரிடாவில் விமானப் பயிற்சியில். அப்பாவைப் பற்றி நாட்டிலுள்ள எல்லாப் பத்திரிகையும் எழுதுகிறது. அந்தப் பையன் அடக்கத்துக்குப் போய்விட்டு வந்து பயிற்சியை முடித்தான். பிரசங்கத்துக்கு இதெல்லாம் உதவாது, அதனால்தான் விட்டுவிட்டார்கள் போல.

சிகாகோ ராஜி

இப்போது சரியாக இருக்கிறது. என் பங்குக்கு ஒரு தகவல். இங்கே சிகாகோவின் ஓஹேர் விமான நிலையம் இருக்கும் இடம் முதலில் ஆர்ச்சர்ட் பிளேஸ் என்ற ஊர். போரின்போது அங்கே டக்ளஸ் விமானத் தொழிற்சாலை. 1949இல் ஓஹேர் பெயர் வைத்தார்கள், யோசனை ‘சிகாகோ டிரிப்யூன்’ முதலாளி மெக்கார்மிக்குடையது. பயணப் பெட்டியில் ஓஆர்டி (ORD) என்று ஒட்டுகிறார்களே, அது அந்தப் பழைய பெயரின் மிச்சம். ஊர்க்காரர்கள் பலருக்கு ஓஹேர் யார் என்று தெரியாது, ஏதோ மேயர் என்று நினைக்கிறார்கள். டெர்மினல் 2இல் ஒரு வைல்ட்கேட்டையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அதைத் தாண்டி இட்லிப் பொடி மூட்டையோடு ஓடுகிற நம் ஆட்களையும் பார்க்கிறேன். அது ஓஹேர் ஓட்டியதல்ல. மிச்சிகன் ஏரியில் பயிற்சியின்போது மூழ்கி, பிறகு மேலே எடுக்கப்பட்டது. அவருடைய விமானத்தைப் போலச் சாயம் பூசியிருக்கிறார்கள்.

ரேடியோ மாமா

எல்லோரும் 1942லேயே நிற்கிறீர்கள். நெய்தல்காரன், 21 மாதம் என்று தலைப்பு வைத்துவிட்டு அதற்குள் நுழையவே இல்லையே.

நெய்தல்காரன்

வந்துவிட்டேன் மாமா.

முதலில் போருக்கு முன்னால் நடந்த ஒரு விஷயம். 1941இல் ஜப்பானியரின் ஜீரோ போர் விமானத்தைப் பற்றித் தகவல் வந்ததும், ஏறுவதிலும் திரும்புவதிலும் நம் விமானம் அதற்கு ஈடாகாது என்று தாச்சுக்குப் புரிந்துவிட்டது. வீட்டு மேசையில் தீக்குச்சிகளை வைத்து நகர்த்தி நகர்த்தி யோசித்தார். இரண்டு ஜோடியாகப் பக்கவாட்டில் இடைவெளி விட்டுப் பறப்பது. ஒரு ஜோடியின் வாலில் எதிரி ஏறினால், இரண்டு ஜோடியும் ஒன்றையொன்று நோக்கித் திரும்புவது. துரத்தி வருகிறவன் மற்ற ஜோடியின் துப்பாக்கிக்கு நேரே வந்து நிற்பான்.

காகிதத்தில் நன்றாக இருக்கிறது, வானத்தில்? சோதிக்க அவர் தேர்ந்தெடுத்த எதிரி ஓஹேர். தாச்சின் நான்கு விமானங்களுக்கும் எஞ்சின் சக்தி பாதிக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்பாடு. ஓஹேரின் நான்குக்கு முழுச் சக்தி. எப்படி எப்படியோ பாய்ந்து பார்த்தும், குறி கிடைக்கும் நேரத்தில் எதிரில் ஒரு ஜோடி துப்பாக்கியைக் காட்டிக்கொண்டு வந்தது என்று இறங்கியதும் ஓஹேரே ஒத்துக்கொண்டார். மிட்வே தீவுச் சண்டையில் 1942 ஜூன் 4 அந்த முறை முதல்முதலாகப் போரில் நின்றது. ‘தாச் வீவ்’ என்று பெயர் வந்தது பிறகு.

பதக்கம் வாங்கியபின் ஊர்வலம், விளம்பரம், கைகுலுக்கல். செயின்ட் லூயிஸ் ஊர்வலத்துக்கு 60,000 பேர். இதையெல்லாம் அவர் ரசித்ததாகத் தெரியவில்லை. வைல்ட்கேட் கட்டிய க்ரம்மன் கம்பெனித் தொழிலாளர்கள் தங்களுக்குள் காசு சேர்த்து 1,150 கார்ட்டன் லக்கி ஸ்ட்ரைக் சிகரெட் வாங்கிக் கொடுத்தார்கள். 2,30,000 சிகரெட்! மனுஷன் பிடிப்பதோ கேமல். இருந்தாலும் கொடுத்தவர்களுக்காக ஒரு கார்ட்டனைப் பிரித்தார்.

பிறகு ஹவாயில் ஸ்குவாட்ரன் தலைவராகப் புதுப் பையன்களுக்குப் பயிற்சி. என் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான். அவருடைய விங்மேனாக வந்த அலெக்ஸ் வ்ராசியூ பின்னால் 19 விமானங்களை வீழ்த்தினார். 1944 ஜூன் 19, மரியானா சண்டையில் எட்டு நிமிடத்தில் ஆறு. கற்றுக்கொடுத்தவர் ஓஹேர் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். 1943 இலையுதிர் காலத்தில் ஹெல்கேட் என்ற புதுப் போர் விமானத்தோடு ஓஹேர் சண்டைக்குத் திரும்பினார், இன்டிபென்டன்ஸ் கப்பலிலிருந்து. செப்டம்பரில் மார்கஸ் தீவு, அக்டோபரில் வேக் தீவு, அதற்கெல்லாம் டிஸ்டிங்விஷ்ட் ஃப்ளையிங் கிராஸ் பதக்கம். அப்புறம் என்டர்பிரைஸ் விமானம் தாங்கிக் கப்பலில் விமானக் குழுத் தலைவர்.

அந்த நவம்பர் இரவை மாமா எழுதினால்தான் நன்றாக இருக்கும்.

ரேடியோ மாமா

சரி, எழுதுகிறேன். நான் கப்பலில் ரேடார் பெட்டியோடு குடித்தனம் நடத்தியவன், அதனால் கொஞ்சம் நீளும்.

பசிபிக்கின் கில்பர்ட் தீவுகள், தராவாவில் அமெரிக்கப் படை இறங்கிய நேரம். பகலில் அமெரிக்க விமானங்களிடம் அடி வாங்கி அலுத்த ஜப்பானியர், பெட்டி விமானங்களை அந்தி சாய்ந்தபின் டார்பிடோவோடு அனுப்பினார்கள். நவம்பர் 20இல் இன்டிபென்டன்ஸ் அடிவாங்கிவிட்டது. இருட்டில் கப்பலின் பீரங்கிகள் சுட்டால் அந்தப் பளிச்சே எதிரிக்கு வழிகாட்டும். சுடாமல் இருக்கவும் முடியாது.

ரேடார் எங்கே இருந்தது? கப்பலில் இருந்தது, ஆனால் எதிரியின் பக்கத்தில் கொண்டுவிடும் அளவுக்குத்தான் அது உதவும். கடைசித் தூரத்துக்கு விமானத்திலேயே ரேடார் வேண்டும். ஹெல்கேட்டில் அது இல்லை. அவெஞ்சர் டார்பிடோ விமானத்தில் இருந்தது. ஆனால் அவெஞ்சர் சண்டை போடும் விமானம் அல்ல, கனத்த உடம்பு. ஆகவே ஒரு அவெஞ்சர், இரண்டு பக்கமும் இரண்டு ஹெல்கேட். கப்பல் அவெஞ்சரை வழிநடத்தும், அவெஞ்சரின் ரேடார் எதிரியைப் பிடிக்கும், வெளிச்சம் தெரிகிற தூரம் வந்ததும் ஹெல்கேட்டுகள் பாயும். பெட்டியின் எஞ்சின் புகைபோக்கியில் தெரியும் நீலச் சுடர்தான் அந்த வெளிச்சம். விமானம் தாங்கிக் கப்பலிலிருந்து இரவில் இப்படி யாரும் அதற்கு முன் செய்ததில்லை.

விமானக் குழுத் தலைவர் கப்பலில் உட்கார்ந்து இளசுகளை அனுப்பியிருக்கலாம். அவரே போனார். நவம்பர் 26. ஒரு ஹெல்கேட்டில் ஓஹேர், இன்னொன்றில் வாரன் ஸ்கான். அவெஞ்சரில் விமானி ஜான் பிலிப்ஸ், ரேடாரில் ஹேசன் ராண்ட், சுழல் துப்பாக்கியில் ஆல்வின் கெர்னன். இருட்டில் மூன்றும் ஒன்றுசேர்வதே பெரும்பாடாகிவிட்டது. அதற்குள் பிலிப்ஸே, அந்தக் கனத்த அவெஞ்சரை வைத்துக்கொண்டு, முன்துப்பாக்கியால் இரண்டு பெட்டியை வீழ்த்திவிட்டார். பிறகு ஹெல்கேட்டுகள் சேர்வதற்காக அவெஞ்சர் விளக்கைப் போட்டது. சேர்ந்தார்கள். அப்போது பின்னால் இன்னொரு விமானத்தின் உருவம். கெர்னன் சுட்டார். அந்தப் பக்கமிருந்தும் சுட்டார்கள். ஓஹேரின் ஹெல்கேட் அணியிலிருந்து விலகிக் கீழே சரிந்தது. ரேடியோவில் பதில் இல்லை. ஸ்கான் கடலை உரசும் அளவுக்குத் தொடர்ந்து போய்ப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. விடிந்ததும் தேடினார்கள், எதுவும் கிடைக்கவில்லை.

அவருக்கு வயது 29. மகள் அந்த வருடம்தான் பிறந்திருந்தாள். இறந்தபின் நேவி கிராஸ் பதக்கம் கொடுத்தார்கள்.

திருச்சி பாலா

அப்படியானால் சொந்த ஆள் குண்டுதானே? கெர்னன்தான் சுட்டிருக்க வேண்டும். பல இடத்தில் அப்படித்தான் படித்தேன்.

எண்கணக்கு

பல இடத்தில் அப்படித்தான் எழுதியிருப்பார்கள், திரும்பத் திரும்ப ஒருவரைப் பார்த்து ஒருவர். அன்று இருந்தவர்களின் வாக்குமூலங்களையும் விமானங்கள் இருந்த நிலையையும் வைத்து நிதானமாக ஆராய்ந்த ஜான் லண்ட்ஸ்ட்ராம், ஸ்டீவ் யூவிங் இருவரும், பெட்டியின் முன்துப்பாக்கி சுட்டதில்தான் ஓஹேர் அடிபட்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். விமானமும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அதனால் நீதிமன்றத்தில் நிற்கிற சாட்சியம் இரண்டு பக்கமும் இல்லை. ஆனால் எடை எந்தப் பக்கம் என்று கேட்டால், நான் இவர்கள் பக்கம்.

கெர்னன் பிறகு பிரின்ஸ்டனில் இலக்கியப் பேராசிரியர். அந்த இரவைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். இருபது வயதுப் பையன், இருட்டில், சில வினாடி. அவர்மேல் பழியைப் போட்டுவிட்டுப் போவது நமக்குச் சுலபம்.

மட்டுநகர் தம்பி

மாமா, ஒரு கேள்வி. ஆளே போய்விட்டார், முறையும் குழப்பமாக முடிந்தது. அப்போ அந்த இரவு வெற்றியா தோல்வியா?

ரேடியோ மாமா

தம்பி, வந்தவர்களில் இரண்டு விமானம் விழுந்தது, கூட்டம் கலைந்தது, அன்று கப்பல் எதுவும் அடிவாங்கவில்லை. அந்த அளவில் வெற்றி. ஆனால் மூன்று விமானத்தை இருட்டில் சேர்த்துக் கட்டி ஓட்டும் அந்த ஏற்பாடு நீடிக்கவில்லை, நீடிக்கவும் கூடாது. சண்டை விமானத்துக்கே ரேடார் வைக்க வேண்டும் என்பதுதான் சரியான விடை. 1944 தொடக்கத்திலேயே என்டர்பிரைஸுக்கு இறக்கையில் ரேடார் வைத்த கோர்சேர் விமானங்களோடு ஒரு சிறு இரவுப் பிரிவு வந்துவிட்டது. அப்புறம் ரேடார் வைத்த ஹெல்கேட்டுகள். அந்த வருடக் கடைசியில் அதே என்டர்பிரைஸ், இரவுக்கென்றே விமானக் குழு வைத்துக்கொண்ட கப்பலாகிவிட்டது.

திருச்சி பாலா

சரி மாமா, 21 மாதம் என்ற கட்சிக்கு நானும் வந்துவிட்டேன். ஆனால் 3ஆ 5ஆ என்பதில் பதக்கக் குறிப்பைத் திருத்தியிருக்க வேண்டும் என்பதை விடமாட்டேன்.

எண்கணக்கு

பதக்கக் குறிப்பு அன்றைக்குத் தெரிந்ததை வைத்து எழுதியது. திருத்த ஆரம்பித்தால் எல்லா நாட்டுக் குறிப்பையும் திருத்த வேண்டியிருக்கும். அதற்குத் தனி இழை போடுங்கள், வ்ராசியூவின் 19ஐயும் அங்கேயே அலசலாம்.